லைட் எரியலையாம், ஒன்றுமில்லையாம்

கார் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "முன்சக்கரத்துப் பக்கம் ஙொய்னு ஏதோ சத்தம் வருது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "மீட்டர்ல ஏதாவது லைட் எரியுதா?" என்பார் அடுத்தவர். "இல்லையே." "அப்புறம் என்ன? விட்டுத் தள்ளுங்க. இப்ப வர்ற வண்டியெல்லாம் முழுக்க சென்சார். ஏதாவதுன்னா அதுவே சொல்லிடும்." அத்தோடு பேச்சு மைலேஜுக்குத் தாவிவிடும்.

இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் கிடையாது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் காதைத் தீட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார்கள் என்றால் அப்போது வேறு வழியில்லை; கம்ப்யூட்டர் வந்த பிறகும் சத்தத்துக்குக் காது கொடுப்பது பழைய பழக்கம், வீண் பயம் என்பது அவர்கள் கட்சி. பெரிய சர்வீஸ் சென்டர்களும் பல நேரம் இந்தக் கட்சியில்தான் இருக்கின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுவார்கள், ஸ்கிரீனைப் பார்ப்பார்கள், "எரர் கோட் எதுவும் இல்ல சார், வண்டி நார்மல்" என்று ஜாப் கார்டை மூடிவிடுவார்கள். இந்தக் கட்சி அடியிலிருந்தே தப்பு. எந்த விளக்கு எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்டாலே அது ஆட்டம் கண்டுவிடும்.

மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்டு எரிகிறதே, அந்த விளக்குக்கும் ஸ்கேனர் செருகும் துளைக்கும் பூர்வீகம் கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் பல பத்தாண்டுகள் மூச்சுமுட்ட வைத்த புகைமூட்டத்தைக் குறைக்க அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியம் வரிசையாக விதிகள் போட்டது. அதில் ஒன்று, கார் தன்னுடைய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே சோதித்து, பழுதானால் ஓட்டுநருக்கு விளக்குக் காட்ட வேண்டும் என்பது. 1988 மாடல் கார்களில் அங்கே தொடங்கிய இந்த ஏற்பாடு, இரண்டாம் தலைமுறையாக வளர்ந்து 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்கக் கட்டாயமானது. இந்தியாவுக்கு அது பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-க்குப் பிறகு படிப்படியாக வந்தது; 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது இன்னும் இறுகியது. இந்த வரலாறு முழுக்கப் பேசுவது ஒரே விஷயத்தை: சைலன்சர் வழியாக என்ன வெளியே போகிறது என்பதை. அந்த விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது, உடனே வேகத்தைக் குறை என்று பொருள். ஏன் அத்தனை அவசரம்? எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும்; அப்புறம் புகை கட்டுக்கடங்காது. அவசரம் கூடப் புகைக்காகத்தான்.

அந்த விளக்கை நம்பிச் சக்கரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது, தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை என்பதால் கால் எலும்பு முறியவில்லை என்று முடிவு கட்டுவதற்குச் சமம்.

"அது மட்டுமா இருக்கு? ஏ.பி.எஸ். விளக்கு, பிரேக் விளக்கு, ஆயில் விளக்கு, டெம்பரேச்சர் எல்லாம் இருக்கே" என்பார்கள். இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதைப் பார்க்கிறது? சிவப்பில் எரியும் பிரேக் விளக்கு பெரும்பாலான கார்களில் இரண்டு காரியத்துக்குத்தான் இணைக்கப்பட்டிருக்கிறது: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறதா. பேட் தேய்ந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பேட் தேயத் தேய காலிப்பருக்குள் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், அதனால் டப்பாவில் மட்டம் குறையும். இப்படிச் சுற்றி வளைத்துத்தான் அதற்குச் சேதி போக வேண்டும். அந்தச் சேதியையும் நம் ஆட்கள் தடுத்துவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க்கிலோ வாட்டர் வாஷ் போட்ட இடத்திலோ "பிரேக் ஆயில் கம்மியா இருந்துச்சு, டாப் அப் பண்ணிட்டோம்" என்று நல்லெண்ணத்தோடு ஊற்றிவிடுவார்கள். பேட் தேய்ந்ததற்கு மீட்டர் பக்கம் இருந்த ஒரே தடயமும் அத்தோடு போச்சு.

பேட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சத்தம் வீண் என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது. முன்சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் திறந்து பேடை வெளியே எடுத்துப் பாருங்கள். பல பேடுகளின் ஓரத்தில் சின்னதாக ஒரு இரும்புத் தகடு வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் எதற்கோ வைத்த கிளிப் மாதிரி இருக்கும். புது பேடில் உராயும் பகுதி 10 மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். அது தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வரும்போது அந்தத் தகட்டின் நுனி டிஸ்க்கைத் தொடும். தொட்டதும் கீச்சென்று கத்தும். அந்தத் தகட்டுக்கு வேறு வேலையே இல்லை. விலை உயர்ந்த சில கார்களில் பேடுக்குள் கம்பி விட்டு விளக்கு எரிய வைக்கிறார்கள். நம் சாலைகளில் ஓடும் சாதாரணக் கார்களில் பெரும்பாலும் எச்சரிக்கை என்றால் இந்தக் கத்தல்தான். கார் செய்த பொறியாளரே சத்தத்தை எச்சரிக்கையாக வடிவமைத்துப் பொருத்தியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு "லைட் எரியலையே" என்று ஓட்டினால் என்ன ஆகும்? கீச் சத்தம் ஒருநாள் நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று மகிழ்வார்கள். கொஞ்ச நாளில் நறநறவென்று அரைக்கத் தொடங்கும். பேடின் பின்தகடு நேரடியாக டிஸ்க்கில் இரும்போடு இரும்பாக உரசுகிறது. பேட் மட்டும் மாற்றியிருந்தால் போயிருக்கும் செலவு, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றும் செலவாகிவிடும். பிரேக் பிடிக்கும் தூரம் கூடியது தனிக்கணக்கு. (பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும் சின்னக் கார்களில் பொதுவாக இந்தத் தகடும் கிடையாது. கழற்றிப் பார்த்தால்தான் உண்டு.)

வீல் பேரிங்குக்கு சென்சார் உண்டா? ஏ.பி.எஸ். சென்சார் அதன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது எண்ணுவது சக்கரம் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்பதை. பேரிங் உள்ளே பொரிந்துபோய் ஊளையிட்டாலும் சுற்று சரியாக இருக்கும்வரை அது வாய் திறக்காது. பேரிங் லொடலொடவென்று ஆடி, சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி கெட்ட பிறகுதான் விளக்கு வரும். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டுக்கு அதுவும் இல்லை. சாதாரணக் காரில் எந்தக் கம்பியும் அதனருகில் போவதில்லை. அது கழன்றால் முன்சக்கரம் பக்கவாட்டில் மடங்கி, ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாத கதைதான். கழல்வதற்கு முன்னால் அது பேசும் ஒரே பேச்சு, ஸ்பீடு பிரேக்கரிலும் குழியிலும் வரும் தடக் தடக்.

இன்னொரு விஷயம். காதை மதிக்காதவர்கள் கொண்டாடும் அந்தக் கம்ப்யூட்டருக்கே ஒரு காது இருக்கிறது. இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் நாக் சென்சார் என்பது, உள்ளே படிகத் துண்டு வைத்த ஒருவகை மைக்தான். ஏற்றத்தில் பெரிய கியரிலேயே திணறத் திணற ஏற்றினால் சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறி வெடிக்கும். டிங் டிங்கென்று அடிக்கும். அந்த அதிர்வை சென்சார் கேட்டு, பொறி விடும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தள்ளிப்போடும். ஆக, கோடிக்கணக்கில் செலவழித்து ஆராய்ச்சி செய்யும் கம்பெனிகள் இந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கச் சத்தத்தைத்தான் நம்புகின்றன. அந்தக் காது இன்ஜினை மட்டும் கேட்கிறது. சக்கரம், ஆக்சில், கியர்பாக்ஸ், ஷாக் அப்சார்பர் பக்கம் கேட்க ஓட்டுகிறவர் காதை விட்டால் நாதியில்லை. அந்தக் காதையும் ஏ.சி.க்காகக் கண்ணாடியை ஏற்றி, பாட்டை வைத்து, நாமே அடைத்துவிடுகிறோம்.

சரி, எதிர்க்கட்சியின் வலுவான வாதத்துக்கு வருவோம். "எல்லா வண்டியும் சத்தம் போடும். ஒவ்வொன்றுக்கும் பயந்தால் பட்டறையிலேயே குடியிருக்க வேண்டியதுதான்." இதில் பாதி உண்மை. ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் உய்ய்ங் சத்தத்துக்குக் காரணம், பல கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக இருப்பதால் சத்தமில்லாமல் கோக்கின்றன. வண்டியை நிறுத்திய பிறகு அடியில் டிக் டிக்கென்று கேட்பது சைலன்சர் சூடு ஆறிச் சுருங்கும் சத்தம். சாவியை எடுத்த பின்னும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுவது, மழையில் நின்ற வண்டி காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குச் சொரசொரப்பது, ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடலுக்குக் கீழே கடகடவென்று உதைப்பது எல்லாமே இயல்பு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு மிரண்டு, அவசரப் பிரேக்கின் நடுவிலேயே காலை எடுத்துவிடுபவர்கள் உண்டு. இயல்பான சத்தம் எது என்று தெரியாததாலும் உயிருக்கு ஆபத்து வரும். அப்படியிருக்கக் காதைப் பழக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? வண்டி வாங்கிய நாளிலிருந்து இருக்கும் சத்தத்தை விட்டுவிடலாம். நேற்று இல்லாமல் இன்று வந்ததையும், போன மாதம் மெதுவாக இருந்து இப்போது ஓங்கியதையும் விடக்கூடாது.

அடுத்தது, "சத்தம்னு போய்ச் சொன்னா மெக்கானிக் இருக்கிற பார்ட் எல்லாத்தையும் மாத்திடுவான்" என்ற பயம். நியாயமான பயம். அதைப் போக்கும் வழி சத்தத்தை மறைப்பதா? இந்தப் பயத்தை வளர்ப்பதில் யூடியூபுக்கும் பங்குண்டு. இப்படிக் கேட்டால் பேரிங் போச்சு, அப்படிக் கேட்டால் ஆக்சில் போச்சு என்று சத்தத்துக்கும் பார்ட்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போடும் வீடியோக்கள் ஏராளம். லைட்டை நம்புவது ஒரு மூடநம்பிக்கை என்றால் இது அதன் பங்காளி. தடக் தடக் என்ற அதே சத்தம் பால் ஜாயின்ட்டிலிருந்தும் வரும், லிங்க் ராடிலிருந்தும் வரும், டிக்கியில் சரியாக இறுக்காத ஜாக்கியிலிருந்தும் வரும். இரும்பைக் கிழிக்கும் கொடூரமான கிறீச்சுக்குக் காரணம், ஜல்லி ரோட்டில் போனபோது டிஸ்க்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கிய ஒற்றைக் கல்லாக இருக்கலாம். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலே சில சமயம் கல் விழுந்துவிடும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் டர்ரென்று அடிப்பது ப்ளோயருக்குள் போன சருகாக இருக்கும். ஃபேன் வேகத்தைக் கூட்டினால் கூடும், அணைத்தால் நிற்கும்.

அதனால் சத்தம் எப்படி இருக்கிறது என்ற கேள்வியில் பாதி விடைதான் கிடைக்கும். அது எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. இதற்கு மெக்கானிக் வேண்டாம். ஓட்டுகிற நாமே கவனிக்கலாம். ஆரம்பத்தில் சொன்ன ஙொய் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். 40-இல் லேசாகக் கேட்டு, 80-இல் உறுமுகிறது. ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், இன்ஜினை அணைக்காமல், நியூட்ரலில் விட்டு உருள விடுங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் இன்ஜினை விட்டுவிடலாம். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தத்தின் குரலே மாறினால் டயர். ஒருபக்கமாகத் தேய்ந்த டயர் பேரிங் மாதிரியே ஊளையிடும். ரோடு மாறியும் சத்தம் மாறவில்லை, ஆனால் நீளமான வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது ஓங்குகிறது, வலப்பக்கம் திரும்பினால் தணிகிறது என்றால்? இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். சந்தேகம் வலப்பக்கத்து வீல் பேரிங் மேல் போக வேண்டும். மூன்றே சோதனை, ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைபவரிடம் நாலு சக்கரத்துக்கும் பேரிங் மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

கிளட்ச் பக்கமும் இதே தர்க்கம்தான். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால் கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் சந்தேகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சிடும் ஃபேன் பெல்ட்டில் தண்ணீரைச் சற்றே தெளித்துப் பார்ப்பது பழைய வழக்கம். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷன் போதவில்லை. கொஞ்சநேரம் அடங்கிவிட்டுத் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஓடும் பெல்ட் பக்கம் கையையோ துணியையோ கொண்டுபோகாமல் செய்ய வேண்டும்.

காது ஏமாறும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடி முழுக்க ஒரே இரும்பு; முன்னால் பிறந்த சத்தம் பின்சீட்டுக்கடியில் கேட்கும். அதனால்தான் கைதேர்ந்த மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கிறார்கள்; அப்புறம் வாட்டர் பம்ப், அப்புறம் டென்ஷனர் என்று ஒவ்வொன்றாக நகர்கிறார்கள். பக்கத்து பார்ட்டின் சத்தம் விலகி, தொட்டதன் சத்தம் மட்டும் துல்லியமாக ஏறும். காது ஏமாறினால் இப்படித் திருத்திக்கொள்ளலாம். போனில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் மெக்கானிக்குக்கு அனுப்புவது மட்டும் அவ்வளவாக உதவாது. மனிதக் குரலுக்காகச் செய்த மைக், அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

சத்தமே போடாமல் கவிழ்க்கும் கோளாறுகளும் உண்டு. டைமிங் பெல்ட் ஒரு முனகலும் இல்லாமல் அறுந்து, பல இன்ஜின்களில் வால்வையும் பிஸ்டனையும் மோதவிடும். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுவதுதான் அதற்கு வழி. ஆக்சில் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகும்போது சத்தம் வராது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் டக்கென்று கேட்கும் நாளில் ஜாயின்ட் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். காது எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் என்று யாரும் வாதாடவில்லை.

ஆனால் விளக்கு எத்தனை தாமதம் என்பதற்கு ஆயில் விளக்கை விஞ்ச ஆளில்லை. குடம் போட்டுச் சிவப்பில் எரியும் அது ஆயில் அளவைக் காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. பொதுவாக அழுத்தம் அரை பார் அளவுக்கு விழுந்தால்தான் எரியும். ஓடும் இன்ஜினுக்கு வேண்டியது அதைப்போல் பல மடங்கு. எரியும் நேரத்தில் கிராங்க் பேரிங்குகள் காய்ந்து உரசத் தொடங்கியிருக்கலாம். அதற்கு முன்னாலேயே ஆக்சிலரேட்டர் மிதித்தால் அடியிலிருந்து தொம் தொம்மென்று கனத்த தட்டல் கேட்க ஆரம்பித்திருக்கலாம். அப்போதே ஓரங்கட்டி அணைத்து, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தவருக்கு இன்ஜின் தப்ப வழியுண்டு. விளக்குக்காகக் காத்திருந்தவர் இன்ஜினையே பிரித்து வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தச் சர்ச்சையே முடிந்துவிடும் என்பது புதிய ஆறுதல். இன்ஜின் சத்தம் போய்விடும், வாஸ்தவம். பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் ஷாக் அப்சார்பரும் போய்விடவில்லையே. பேட்டரி எடையால் அவற்றின் மேல் பாரம் கூடத்தான் செய்கிறது. இதுவரை இன்ஜின் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த அவற்றின் முனகல் இனிமேல் தெளிவாகக் கேட்கும்.

ஆகவே அடுத்தமுறை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் "சத்தம் - செக் செய்யவும்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது, பிரேக் மிதித்தாலா விட்டாலா, குளிர்ந்த இன்ஜினிலா சூடான பிறகா என்று நீங்களே சொல்லி எழுத வையுங்கள். அட்வைசரையோ மெக்கானிக்கையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஏ.சி.யையும் பாட்டையும் அணைத்து, ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். அதற்கப்புறமும் "ஸ்கேனர்ல ஒண்ணும் வரல சார்" என்றால் ஒரே கேள்வி போதும்: வண்டியை லிஃப்ட்டில் தூக்கினீர்களா? தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே ஆட்டம் கையில் தெரியும். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுகையைச் சக்கரத்துக்கு மேலிருக்கும் காயில் ஸ்பிரிங்கில் வைத்தால், கெட்டுப்போன பேரிங்கின் சொரசொரப்பு விரலுக்கு ஏறும். சில நிமிட வேலை. பார்த்தோம் என்று சொன்னால், எந்தச் சக்கரம், என்ன தெரிந்தது என்று ஜாப் கார்டில் எழுதிக் கேளுங்கள்.